கூகுள் க்ராலரை எந்த லிங்க்கில் நிறுத்துவது, எதைக் கொண்டு நிறுத்துவது

வலைத்தளம் தொடங்கி நாலைந்து பதிவு போட்டு, தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று கூகுள் காட்டும் ஸெர்ச் கன்சோலிலும் சேர்த்து முடித்ததும் புதியவர்களுக்கு வரும் சந்தேகங்களில் ஒன்று இது: இந்த லிங்க் வழியாக மட்டும் கூகுள் போகக்கூடாது, அதற்கு என்ன செய்வது? யாரைக் கேட்டாலும் ‘நோஃபாலோ போடுங்க’ என்று, அதாவது லிங்க்கின் கோடில் அந்தச் சொல்லைச் சேர்க்கச் சொல்லி, ஒரே பதில்தான் வரும். பல நேரம் அது பொருந்தாத பதில். கேட்டவர் மனதில் இருப்பது ஒன்று, நோஃபாலோ செய்வது வேறொன்று.

அதனால் கீபோர்டில் கை வைப்பதற்கு முன்னால், நீங்கள் தடுக்க நினைப்பது எதை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். லிங்க் அங்கேயே இருக்கட்டும், ஆனால் அதை நான் கொடுத்த சிபாரிசாகக் கூகுள் கணக்கில் எடுக்க வேண்டாம் என்பது ஒரு தேவை. க்ராலர், அதாவது லிங்க் லிங்க்காகப் போய்ப் பக்கங்களைப் படிக்கும் கூகுளின் நிரல், அந்தப் பக்கத்துக்கு வரவே வேண்டாம், சர்வருக்கு வீண் சுமை என்பது இன்னொரு தேவை. வந்து படித்துவிட்டுப் போகட்டும், யாராவது தேடினால் மட்டும் அந்தப் பக்கம் முடிவுகளில் வரக்கூடாது என்பது மூன்றாவது. யார் கண்ணிலும் படவே கூடாது என்பது நான்காவது. முதலாவதுக்கு நோஃபாலோ, இரண்டாவதுக்கு க்ராலருக்கான விதிகளை எழுதி வைக்கும் ரோபோட்ஸ் ஃபைல், மூன்றாவதுக்குப் பக்கத்துக்குள் போடும் நோஇண்டெக்ஸ் என்ற சொல், நான்காவதுக்குப் பாஸ்வேர்டு. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. கீழே சொல்லப்போவது எல்லாமே இந்த நாலையும் பிரித்து வைத்துக்கொள்வதைப் பற்றித்தான்.

ஒரு குறிப்பு. கோடில் வரும் சொற்களை இங்கே உச்சரிப்பில் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். உங்கள் தளத்தில் போடும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். நோஃபாலோ, நோஇண்டெக்ஸ் இரண்டும் நடுவில் இடைவெளியோ கோடோ இல்லாத ஒரே சொற்கள். ‘நோ’ தனியாக, ‘ஃபாலோ’ தனியாகத் தட்டினால் அது வேலை செய்யாது, வேலை செய்யவில்லை என்று யாரும் வந்து உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள்.

நோஃபாலோ எதற்காக வந்தது

கொஞ்சம் பழைய கதை தெரிந்தால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் படித்த காலத்தில் உருவாக்கிய பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் லிங்க் கொடுக்கின்றன, கொடுக்கும் பக்கங்கள் எவ்வளவு மதிப்புள்ளவை என்பதை வைத்து அந்தப் பக்கத்தின் மதிப்பைக் கணக்கிட்டது. லிங்க்குக்கு மதிப்பு என்று ஆனதும் லிங்க் திருடுவது ஒரு தொழிலாகிவிட்டது. வலைப்பதிவுகளின் பின்னூட்டப் பெட்டிக்குள் மருந்துக் கடை, சூதாட்டத் தளம் என்று லிங்க்குகளைக் கொட்டிவிட்டுப் போனார்கள், அதுவும் ஆள் வைத்து அல்ல, நிரல் எழுதி. பதிவருக்கு அது குப்பை, போட்டவருக்கு இலவச மதிப்பெண்.

இதற்கு மருந்தாகத்தான் 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்று தேடுபொறிகளும் நோஃபாலோவை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தன. கூகுளில் ஸ்பாம் பிரிவைக் கவனித்துவந்த மேட் கட்ஸும், கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் இருந்த ஜேசன் ஷெல்லனும் அதன் பின்னால் இருந்தவர்கள். ஒரு லிங்க்கில் அந்தச் சொல் இருந்தால் அந்த லிங்க் போய்ச் சேரும் பக்கத்துக்கு மதிப்பெண் கிடையாது, அவ்வளவுதான். 2007 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா தன்னுடைய வெளி லிங்க்குகள் எல்லாவற்றிலும் அதைப் போட்டுவிட்டது.

கவனியுங்கள், இது பிறந்ததே மதிப்பெண் விவகாரத்துக்காக. ஒரு பக்கத்தை மறைப்பதற்கோ க்ராலரை வாசலில் நிறுத்துவதற்கோ செய்யப்பட்டது அல்ல. பெயரைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள்.

பிறகு 2019 செப்டம்பர் 10-ஆம் தேதி கூகுள் இரண்டு மாற்றம் அறிவித்தது. பணம் வாங்கிப் போட்ட லிங்க்குக்கு ‘ஸ்பான்சர்டு’ என்றும், வாசகர்கள் எழுதும் இடத்தில் வரும் லிங்க்குக்கு ‘யூஜிசி’ என்றும் இரண்டு புதுச் சொற்கள். இன்னொன்று, இனி இந்த மூன்றையும் கட்டளையாக எடுக்க மாட்டோம், ஒரு குறிப்பாகத்தான் எடுப்போம் என்றது. மதிப்பெண் விஷயத்தில் அது அன்றே நடைமுறைக்கு வந்தது. க்ரால் செய்வது (பக்கத்துக்குப் போய்ப் படிப்பது), இண்டெக்ஸ் செய்வது (தேடல் பட்டியலில் சேர்ப்பது) இரண்டிலும் 2020 மார்ச் 1 முதல். அதாவது இன்றைக்கு நீங்கள் நோஃபாலோ போட்ட லிங்க் வழியாகவும் கூகுளின் க்ராலரான கூகுள்பாட் போகலாம். பெரும்பாலும் போகாது, ஆனால் போகாது என்று எங்கும் உத்தரவாதம் கிடையாது. இதற்கு முந்தைய காலத்தில் எழுதப்பட்ட கட்டுரைகளைப் படித்துவிட்டு வேலை பார்ப்பவர்கள் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

முதல் படி: ஒரு தனி லிங்க்கில் போடுவது

எச்டிஎம்எல்லில் லிங்க் என்பது ‘ஏ’ டேக். அதற்குள் எச்ரெஃப் என்ற இடத்தில் முகவரி இருக்கும். அது முடிந்ததும் ஓர் இடைவெளி விட்டு, ரெல் என்று போட்டு, சமக்குறி போட்டு, இரட்டை மேற்கோளுக்குள் சொல்லை எழுத வேண்டும். பார்வைக்கு இப்படி இருக்கும்:

<ஏ எச்ரெஃப்="கடையின் முகவரி" ரெல்="ஸ்பான்சர்டு">கடையின் பெயர்</ஏ>

ஒரே லிங்க்கில் இரண்டு சொல் வேண்டுமென்றால் நடுவில் ஓர் இடைவெளி விட்டு இரண்டையும் அதே மேற்கோளுக்குள் எழுதுங்கள். ரெல்லை இரண்டு தடவை எழுதாதீர்கள், பிரவுசர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடும். ஏற்கெனவே அங்கே நோஓப்பனர், நோரெஃபரர் என்று ஏதாவது இருந்தால் அவை வேறு வேலைக்கானவை, புது டேபில் திறக்கும் லிங்க்கின் பாதுகாப்புக்கும், எந்தத் தளத்திலிருந்து வாசகர் வந்தார் என்று சொல்லாமல் இருப்பதற்கும். தேடுபொறிக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை, அவற்றைத் தொடாமல் பக்கத்தில் இதைச் சேர்த்தால் போதும்.

வேர்ட்பிரஸில் கோட் தொடாமலே செய்யலாம். புதிய பதிப்புகளின் பிளாக் எடிட்டரில் லிங்க்கைக் கிளிக் செய்து, திருத்தும் பெட்டியில் அட்வான்ஸ்டு பகுதியைத் திறந்தால் நோஃபாலோவுக்கு ஒரு டிக் பெட்டி இருக்கும். பழைய பதிப்பு என்றால் அந்தப் பிளாக்கை எச்டிஎம்எல்லாகத் திருத்தும் வசதிக்குப் போய்க் கையால் சேர்க்க வேண்டும், அல்லது யோஸ்ட், ரேங்க்மேத் மாதிரி ஒரு எஸ்இஓ பிளகின், அதாவது தளம் தேடலில் நன்றாக வர உதவும் துணை நிரல், போட்டுக்கொள்ள வேண்டும். பிளாகரில் லிங்க் போடும் பெட்டியிலேயே அடியில் அந்த டிக் இருக்கிறது.

பின்னூட்டங்களுக்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ் வாசகர் பின்னூட்டத்தில் வரும் லிங்க்குகளுக்குத் தானாகவே நோஃபாலோ போடுகிறது, 5.3 பதிப்பிலிருந்து யூஜிசியையும் சேர்த்தே போடுகிறது.

சரி, எந்த லிங்க்கில் கட்டாயம் போட வேண்டும்? காசு, பொருள், இலவசச் சேவை என்று ஏதாவது கை மாறியிருந்தால் போட்டே ஆக வேண்டும். விளம்பரக் கட்டுரை, ‘இந்தச் செல்போனை அனுப்புகிறோம், எழுதுங்கள்’ வகை விமர்சனம், அமேசான் மாதிரியான தளங்களின் கமிஷன் லிங்க் எல்லாம் இதில் வரும். ஸ்பான்சர்டு என்று போடுவது சிறந்தது, நோஃபாலோ போட்டாலும் கூகுள் ஏற்கிறது. போடாமல் விட்டால் உங்கள் தளத்தின் மேல் மேனுவல் ஆக்ஷன் வரலாம், அதாவது கூகுளின் ஆட்களே பார்த்துத் தரத்தை இறக்கிவிடுவது. வந்தால் ஸெர்ச் கன்சோலில் அதற்கென்று இருக்கும் பக்கத்தில் தெரியும். இந்த விதியில் கூகுள் தன்னையே விட்டுவைக்கவில்லை. 2012 ஜனவரியில் குரோம் பிரவுசருக்காகப் பதிவர்களைக் கொண்டு எழுதவைத்த ஒரு விளம்பர ஏற்பாட்டில், நோஃபாலோ இல்லாத லிங்க் ஒன்று இருந்தது வெளியே வந்தது. கூகுளின் ஸ்பாம் குழு குரோம் பக்கத்தின் தேடல் தரவரிசையைக் குறைந்தது 60 நாளுக்கு இறக்கி வைத்தது.

இதற்கு நேர்மாறான பழக்கமும் இருக்கிறது, தளத்திலிருந்து வெளியே போகும் எல்லா லிங்க்கிலும் நோஃபாலோ போட்டுவிடுவது. ‘நம்ம மதிப்பு வெளியே ஒழுகிவிடும்’ என்ற பயம். என்னைக் கேட்டால் இது வெட்டிக் கஞ்சத்தனம். நீங்கள் படித்து, நல்லது என்று நம்பி வாசகருக்குக் கொடுக்கும் லிங்க் சாதாரண லிங்க்காகவே இருக்கட்டும். அப்படி மூடி வைப்பதால் உங்கள் பக்கம் மேலே ஏறப்போவதும் இல்லை.

ஏறாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் சொந்தத் தளத்துக்குள்ளேயே ‘எங்களைப் பற்றி’, ‘தொடர்புக்கு’ போன்ற லிங்க்குகளுக்கு நோஃபாலோ போட்டு, மிச்ச மதிப்பை முக்கியமான பக்கங்களுக்குத் திருப்பிவிடுவார்கள். ஒரு பக்கத்தின் மதிப்பு 100, அதில் 10 லிங்க், நாலுக்கு நோஃபாலோ போட்டால் மிச்சம் ஆறும் அந்த 100-ஐப் பங்கு போட்டுக்கொள்ளும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு இனி செல்லாது என்று மேட் கட்ஸ் 2009-இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்: ஆறுக்கும் ஆளுக்கு 10 தான், நோஃபாலோ போட்ட நாலின் 40 யாருக்கும் போகாமல் காணாமல் போகும். இத்தனை வருடம் கழித்தும் இதைச் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, சொந்தத் தளத்துக்குள் இருக்கும் லிங்க்குகளுக்கு நோஃபாலோ தேவையில்லை. அந்தப் பக்கத்துக்கு க்ராலர் போக வேண்டாம் என்றால் வழி வேறு, அது கீழே மூன்றாவது படியில்.

இரண்டாவது படி: பக்கம் முழுவதுக்கும்

இது அபூர்வமாகத்தான் தேவைப்படும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தில் உள்ள எல்லா லிங்க்குக்கும் ஒட்டுமொத்தமாகச் சொல்ல வேண்டுமென்றால், அந்தப் பக்கத்தின் ஹெட் பகுதிக்குள் ஒரு மெட்டா டேக் போட்டு, பெயர் ரோபோட்ஸ், உள்ளடக்கம் நோஃபாலோ என்று எழுதினால் போதும். பாடி பகுதிக்குள் போடக்கூடாது. எஸ்இஓ பிளகின் இருந்தால் ஒவ்வொரு பதிவின் அடியிலும் அட்வான்ஸ்டு என்ற இடத்தில், இந்தப் பக்கத்தின் லிங்க்குகளைப் பின்தொடரலாமா என்று ஒரு கேள்வி இருக்கும், அதில் ‘இல்லை’ என்று வைத்தாலும் இதே டேக்தான் விழும்.

பிடிஎஃப் மாதிரி ஹெட் பகுதியே இல்லாத ஃபைலுக்கு எக்ஸ்-ரோபோட்ஸ்-டேக் என்று சர்வர் அனுப்பும் ஹெடர் ஒன்று உண்டு. அதில் இதே சொற்களைப் போடலாம். சர்வர் செட்டிங்ஸைத் தொட வேண்டியிருக்கும் என்பதால் ஹோஸ்டிங் ஆட்களிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மூன்றாவது படி: க்ராலரை உண்மையாகவே வாசலில் நிறுத்துவது

இங்கேதான் ரோபோட்ஸ் ஃபைல் வருகிறது. முழுப் பெயர் ரோபோட்ஸ், அப்புறம் ஒரு புள்ளி, அப்புறம் டிஎக்ஸ்டி. மார்டைன் கோஸ்டர் என்பவர் 1994-இல் முன்வைத்த ஏற்பாடு, இருபத்தெட்டு வருடம் வெறும் வாய்ப்பேச்சு ஒப்பந்தமாகவே ஓடி 2022 செப்டம்பரில்தான் ஆர்எஃப்சி 9309 என்ற முறையான இணையத் தரமாக ஆனது. வாசல் கதவே இல்லாத மனைக்கு முன்னால் ‘அந்நியர் பிரவேசிக்கக் கூடாது’ என்று நட்டுவைத்த பலகை மாதிரிதான் இது. கூகுள், பிங் போன்ற மரியாதை தெரிந்தவர்கள் படித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். மின்னஞ்சல் முகவரி பொறுக்க வருகிறவன் மதிக்க மாட்டான்.

இந்த ஃபைல் தளத்தின் வேர் முகவரியில், அதாவது தளப் பெயருக்கு அடுத்தபடியாகவே, மட்டும்தான் இருக்க வேண்டும், ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். சப்டொமைன் (தளப் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லும் புள்ளியும் சேர்ந்த முகவரி) இருந்தால் அதற்குத் தனி ஃபைல் வேண்டும். எளிமையான ஃபைல் இப்படி இருக்கும்:

யூசர்-ஏஜென்ட்: *
டிஸ்அலவ்: /கூடை/
டிஸ்அலவ்: /தேடு/

முதல் வரியில் உள்ள நட்சத்திரம் எல்லா க்ராலருக்கும் என்று பொருள். அடுத்த வரிகள் எந்தெந்தப் பாதைகளுக்குப் போகக்கூடாது என்று சொல்கின்றன. டிஸ்அலவ் என்று போட்டு எதுவும் எழுதாமல் விட்டால் எல்லாம் அனுமதி. அங்கே ஒரே ஒரு சாய்கோடு போட்டுவிட்டால் முழுத் தளமும் மூடப்பட்டுவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் ஓர் எழுத்துதான், அதனால் சேமிப்பதற்கு முன் அந்த வரியை இன்னொரு தரம் பாருங்கள்.

வேறு சில கண்ணிகளும் இதில் இருக்கின்றன. பாதையை அது முன்னொட்டாகத்தான் பொருத்திப் பார்க்கும். /நூல் என்று முடிவில் சாய்கோடு இல்லாமல் தடுத்தால் /நூல்கள், /நூல்-விமர்சனம் இரண்டும் சேர்ந்தே மூடும். ஃபோல்டரை மட்டும் தடுக்க வேண்டுமென்றால் கடைசியிலும் சாய்கோடு போடுங்கள். ஆங்கிலப் பாதையில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. இன்னொன்று பலருக்கும் தெரியாதது: நட்சத்திரக் குழுவில் பத்து வரி எழுதிவிட்டு, கீழே கூகுள்பாட் என்று பெயர் சொல்லித் தனிக் குழு ஒன்றில் ஒரே ஒரு வரி போட்டால், கூகுள்பாட் அந்த ஒரு வரியை மட்டும்தான் பார்க்கும். மேலே உள்ள பத்தும் அதற்குப் பொருந்தாது. பெயர் சொல்லி எழுதினால் பழைய வரிகளையும் அங்கே மறுபடி எழுத வேண்டும்.

நம் ஆட்களுக்கு மட்டுமே வரும் ஒரு சிக்கல், தமிழில் உள்ள முகவரிகள். பிரவுசரிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக நீளமாக வரும். கூகுள் அப்படி எழுதினாலும் நேராகத் தமிழில் எழுதினாலும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், ஆனால் தமிழில் எழுதினால் ஃபைலை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்திருக்க வேண்டும். எல்லா க்ராலரையும் மனதில் வைத்தால் சதவீதக் குறி வடிவம்தான் பாதுகாப்பு. அப்புறம் தடுக்க வேண்டிய ஃபோல்டருக்குப் பெயர் வைக்கும்போதே ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

வேர்ட்பிரஸில் இந்த ஃபைல் ஹோஸ்டிங் ஃபோல்டரில் கண்ணுக்குத் தெரியாது. யாராவது கேட்டால் வேர்ட்பிரஸ் அப்போதே தயாரித்துக் கொடுக்கும், அட்மின் பகுதியைத் தடுக்கும் வரிகள் அதில் இருக்கும். நீங்களே ஒரு ஃபைலைப் பதிவேற்றினால் அதன்பிறகு உங்களுடையதுதான் செல்லும், எனவே அந்த அட்மின் வரிகளையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாகரில் செட்டிங்ஸுக்குள் க்ராலர்கள், இண்டெக்ஸ் பற்றிய பகுதியில் சொந்த ரோபோட்ஸ் ஃபைல் எழுத இடம் இருக்கிறது. அங்கே இயல்பாக இருப்பதிலேயே ஸெர்ச் என்ற பாதை தடுக்கப்பட்டிருக்கும். லேபிள் பக்கங்கள் எல்லாம் அந்தப் பாதைக்குள்தான் வருகின்றன, அதனால் லேபிள் பக்கங்கள் தடுக்கப்பட்டிருக்கின்றன என்று ஸெர்ச் கன்சோல் சொன்னால் பயப்பட வேண்டாம்.

எதைத் தடுப்பது என்று கேட்டால், முடிவே இல்லாமல் புதுப்புது முகவரி பிறக்கும் இடங்களை. துணிக்கடைத் தளத்தில் நிறம், அளவு, விலை, வரிசை என்று வடிகட்டும் லிங்க்குகள் இருந்தால் இருநூறு சேலைக்குப் பல்லாயிரம் முகவரி உருவாகும், எல்லாவற்றிலும் அதே சேலைகள்தான். ‘அடுத்த மாதம்’ என்ற லிங்க் வைத்த நாட்காட்டிப் பக்கம் இன்னொன்று, க்ராலர் 2090 வரைக்கும் கிளிக் செய்துகொண்டே போகும். கூடை, பணம் செலுத்தும் பக்கம், தளத்துக்குள் தேடும் பக்கம் ஆகியவையும் இந்த வகைதான். இந்த இடங்களில் லிங்க் லிங்க்காக நோஃபாலோ போட்டு மாளாது, ரோபோட்ஸில் ஒரு வரி போதும்.

ஸ்டைல் ஃபைலையும் ஜாவாஸ்கிரிப்டையும் மட்டும் தடுக்காதீர்கள். கூகுள் பக்கத்தை பிரவுசர் மாதிரி வரைந்து பார்க்கிறது, அவை இல்லாவிட்டால் உடைந்த பக்கத்தைத்தான் பார்க்கும்.

சின்னத் தளம் வைத்திருப்பவர்கள் க்ரால் பட்ஜெட் (ஒரு தளத்தில் க்ராலர் எவ்வளவு படிக்கும் என்ற அளவு) என்று யாராவது பயமுறுத்தினால் கண்டுகொள்ள வேண்டாம். பத்து லட்சத்துக்கு மேல் பக்கங்கள் இருந்து வாரத்துக்கு ஒருமுறை மாறுகிற தளமோ, பத்தாயிரத்துக்கு மேல் இருந்து தினமும் மாறுகிற தளமோ வைத்திருப்பவர்கள்தான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. முந்நூறு சமையல் குறிப்பு வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை வேண்டாம்.

நான்காவது படி: தேடலில் வராமல் செய்வது, எல்லோரும் இடறும் இடம்

ஒரு பக்கம் கூகுள் தேடலில் வரக்கூடாது என்று நினைத்து ரோபோட்ஸில் தடுக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அந்த முகவரி தேடலில் வந்து நிற்கிறது, கீழே விவரம் எதுவும் கிடைக்கவில்லை என்ற வரியோடு. காரணம் சுலபம். ரோபோட்ஸ் ஃபைல் உள்ளே வராதே என்றுதான் சொல்கிறது, முகவரியைப் பட்டியலில் சேர்க்காதே என்று சொல்லவில்லை. வேறு எங்கோ ஒருவர் அந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கூகுள் முகவரியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

உடனே என்ன செய்வார்கள்? அந்தப் பக்கத்தில் நோஇண்டெக்ஸும் போடுவார்கள், ரோபோட்ஸ் தடையையும் அப்படியே வைத்திருப்பார்கள். இரண்டு பூட்டு போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று. ஆனால் நோஇண்டெக்ஸ் இருப்பது பக்கத்துக்குள்ளே, க்ராலர் உள்ளே வந்தால்தானே அதைப் படிக்கும்? தடையை எடுக்கும் வரைக்கும் நோஇண்டெக்ஸ் அதன் கண்ணில் படாது. சரியான வரிசை இது: ரோபோட்ஸில் அந்தப் பாதைக்கான தடையை நீக்குங்கள், பக்கத்தின் ஹெட் பகுதியில் நோஇண்டெக்ஸ் போடுங்கள், கூகுள் மறுபடி வந்து பார்த்துப் பட்டியலிலிருந்து எடுக்கும் வரை விடுங்கள். அவசரம் என்றால் ஸெர்ச் கன்சோலின் ரிமூவல்ஸ் கருவியில் முகவரியைக் கொடுத்தால் சீக்கிரம் மறையும், ஆனால் அது ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு மட்டும், அதற்குள் நோஇண்டெக்ஸ் வேலையை முடித்திருக்க வேண்டும்.

நோஇண்டெக்ஸை ரோபோட்ஸ் ஃபைலுக்குள்ளேயே ஒரு வரியாக எழுதலாம் என்று இன்னமும் சில இடங்களில் எழுதியிருப்பார்கள். 2019 செப்டம்பர் 1-இலிருந்து கூகுள் அதைக் கண்டுகொள்வதில்லை. அங்கே நோஃபாலோ, க்ரால்-டிலே (இடைவெளி விட்டு விட்டு வா என்று சொல்வது) என்று எழுதினாலும் கூகுளிடம் பலிக்காது.

நோஇண்டெக்ஸ் போட்ட பக்கத்தை, தளத்தின் முகவரிகளைத் தேடுபொறிக்குப் பட்டியலிட்டுக் கொடுக்கும் சைட்மேப்பிலிருந்தும் எடுத்துவிடுங்கள். ‘இதோ வந்து பார்’ என்று ஒரு கையால் கூப்பிட்டுவிட்டு இன்னொரு கையால் தள்ளுவது கூகுளுக்கும் குழப்பம், பிறகு ஸெர்ச் கன்சோலின் அறிக்கையைப் பார்க்கும் உங்களுக்கும் குழப்பம். நோஃபாலோ போட்டும் க்ராலர் வருகிறதே என்று புலம்புகிறவர்களில் பலருடைய சைட்மேப்பில் அந்த முகவரி உட்கார்ந்திருக்கும். அல்லது அடிக்குறிப்பு மெனுவில் அதே பக்கத்துக்கு இன்னொரு சாதாரண லிங்க் இருக்கும். ஒரு வழியை அடைத்து மறு வழியைத் திறந்து வைத்தால் அது அந்த வழியாகத்தான் வரும்.

ஐந்தாவது படி: சோதனைத் தளம்

தளம் இன்னும் தயாராகவில்லை, வேலை நடக்கிறது, அதுவரை யாரும் பார்க்கக்கூடாது என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். ஹோஸ்டிங் பேனலில் அந்த ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள். க்ராலரும் உள்ளே வர முடியாது, வேலை கொடுத்த வாடிக்கையாளரின் போட்டிக் கடைக்காரரும் வர முடியாது. ரகசியமான பாதைகளை ரோபோட்ஸில் எழுதி மறைக்கப் பார்ப்பது அதைவிட மோசம், அந்த ஃபைலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், நீங்களே முகவரிப் பட்டியல் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், ரீடிங் பக்கத்தில் தேடுபொறிகள் வர வேண்டாம் என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. 5.3 பதிப்புக்கு முன்னால் அது ரோபோட்ஸ் ஃபைலில் முழுத் தளத்தையும் தடுத்தது, இப்போது எல்லாப் பக்கத்திலும் நோஇண்டெக்ஸ், நோஃபாலோ மெட்டா டேக்கைப் போடுகிறது. சோதனைக் காலத்தில் இதையும் டிக் செய்யலாம். தளத்தைத் திறக்கும் அன்று எடுக்க மறந்துவிட்டால் மாதக்கணக்கில் கூகுளில் ஒரு பக்கம்கூட வராது. ‘என் தளம் கூகுளில் வரவே இல்லை’ என்று யாராவது வந்து கேட்டால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தப் பெட்டியைத்தான்.

ஆறாவது படி: வேலை செய்கிறதா என்று பார்ப்பது

பக்கத்தை பிரவுசரில் திறந்து கன்ட்ரோல், யூ இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மூலக்கோட் தெரியும். அதில் நோஃபாலோ, நோஇண்டெக்ஸ் என்று தேடிப் பாருங்கள். நீங்கள் போட்டது சரியாக விழுந்திருக்கிறதா என்பதோடு, நீங்கள் போடாத இடத்தில் தீமோ பிளகினோ போட்டு வைத்திருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். இரண்டு எஸ்இஓ பிளகின் ஒரே நேரத்தில் ஓடினால் இரண்டு ரோபோட்ஸ் மெட்டா டேக் விழுந்திருக்கும். ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் கூகுள் கடுமையான தடையைத்தான் எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் ஸெர்ச் கன்சோலின் மேலே உள்ள பெட்டியில் முகவரியை ஒட்டினால், க்ரால் செய்ய அனுமதி இருக்கிறதா, இண்டெக்ஸ் செய்ய அனுமதி இருக்கிறதா என்று தனித்தனியாகக் காட்டும். இரண்டும் வேறு வேறு என்பது அந்தத் திரையைப் பார்த்தாலே மனதில் பதிந்துவிடும். செட்டிங்ஸுக்குள் ரோபோட்ஸ் ஃபைலுக்கென்று ஓர் அறிக்கை இருக்கிறது, கூகுள் கடைசியாக எப்போது அதை எடுத்தது, எந்த வரி புரியவில்லை என்பதெல்லாம் அதில் வரும். அந்த ஃபைல் இல்லை என்று 404 வந்தால் எல்லாம் அனுமதி என்று எடுத்துக்கொள்வார்கள். சர்வர் கோளாறால் 500 வந்தால் கதை மாறும், முழுத் தளத்தையும் க்ரால் செய்வதைத் தற்காலிகமாக நிறுத்திவிடுவார்கள்.

யார் யார் வந்தார்கள் என்று சர்வர் குறித்து வைக்கும் லாகில் கூகுள்பாட் என்ற பெயரைப் பார்த்ததும் நம்பிவிட வேண்டாம், பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். அந்த ஐபி எண்ணைத் திருப்பித் தேடி அது கூகுளின் டொமைனில் முடிகிறதா, அந்தப் பெயரை மறுபடி தேடினால் அதே ஐபி வருகிறதா என்று பார்ப்பதுதான் முறை.

ஏஐ நிறுவனங்களின் க்ராலர்களையும் இதே ரோபோட்ஸ் ஃபைலில்தான் தடுக்க வேண்டும், நோஃபாலோவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஓப்பன்ஏஐயின் க்ராலருக்கு ஜிபிடிபாட் என்று பெயர். கூகுள்-எக்ஸ்டெண்டட் என்பது தனி க்ராலர் இல்லை, ரோபோட்ஸ் ஃபைலில் எழுதுவதற்கான ஒரு பெயர் மட்டும். அதைத் தடுத்தால் கூகுளின் ஏஐ பயிற்சிக்கு உங்கள் எழுத்து போகாது, தேடலில் உங்கள் தளம் வருவதற்கும் பாதிப்பு இல்லை. கூகுள்பாட்டைத் தடுத்தால் தேடலே போய்விடும். பெயர்கள் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் வரியை எழுதிவிட்டு ஒருமுறை சரிபாருங்கள்.

மாற்றம் உடனே தெரியாது. ரோபோட்ஸ் ஃபைலைக் கூகுள் பொதுவாக 24 மணி நேரம் வரை பழைய நகலாகவே வைத்திருக்கும், அவசரம் என்றால் அந்த அறிக்கையிலேயே மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். நோஇண்டெக்ஸும் நோஃபாலோவும் அந்தப் பக்கத்துக்குக் க்ராலர் அடுத்து எப்போது வருகிறதோ அப்போதுதான் தெரியவரும், அடிக்கடி மாறாத பழைய பக்கம் என்றால் வாரக்கணக்கில்கூட ஆகலாம். முக்கியமான பக்கங்களுக்கு மட்டும் ஸெர்ச் கன்சோலில் இண்டெக்ஸ் கோரிக்கை பட்டனை அழுத்துங்கள், மற்றவை அதனதன் நேரத்துக்கு மாறிக்கொள்ளும்.